பெட்டிக்குள் ஏறும் விலை: வார்ஹேமர் மினியேச்சர்கள் குறித்த விவாத இழை

கேள்வி: 2023 பிப்ரவரி 11

நாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் போர் ஆட்டம் ஆடும் வார்ஹேமர் உருவங்களைச் செய்யும் பிரிட்டிஷ் நிறுவனமான கேம்ஸ் வொர்க்ஷாப், மார்ச் 6 முதல் தன் விலைகளைச் சராசரியாக 6 சதவீதம் உயர்த்துகிறது. சென்ற ஆண்டும் இதே மார்ச்சில்தான் உயர்த்தினார்கள். பத்துப் பிளாஸ்டிக் உருவங்களுக்கு 35 பவுண்டு கேட்பது பகற்கொள்ளை அல்லாமல் வேறென்ன? உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் விலை சில பென்சுகள்தானே? நாம் எல்லோரும் ஓராண்டு வாங்காமல் இருந்தால் தானாக இறங்கி வருவார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

2023 பிப்ரவரி 11, இரவு

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். டிசம்பரில் பிரிட்டனின் விலைவாசி ஏற்றம் 10.5 சதவீதம், அதற்கு முந்தைய அக்டோபரில் 11.1 சதவீதம். பாலும் ரொட்டியும் மின்கட்டணமும் இந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பொருள் 6 சதவீதம் மட்டுமே ஏறுகிறது என்றால், பணத்தின் உண்மை மதிப்பில் அது சற்று மலிந்திருக்கிறது என்றே பொருள். ஆகவே பகற்கொள்ளை என்ற சொல்லை இந்த 6 சதவீதத்துக்காக நான் செலவழிக்க மாட்டேன். அதைப் பயன்படுத்த வேறோர் இடம் இருக்கிறது.

அந்த இடம் பெட்டி. நம் ஊரில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் விலை மாறாமல் உள்ளுக்குள் இளைத்துக்கொண்டே போகும்; நிறுவனம் இயங்கும் நாட்டிங்காமில் நடப்பது அதன் தலைகீழ், பெட்டி பருக்கிறது, விலையும் கூடவே பருக்கிறது. புதிதாகப் படை தொடங்குபவருக்காக 2015–16 வாக்கில் வந்த 'ஸ்டார்ட் கலெக்டிங்' பெட்டிகள் 50 பவுண்டு. அவற்றை நிறுத்திவிட்டு 2020இல் கொண்டுவந்த 'காம்பட் பட்ரோல்' பெட்டிகள் 85 பவுண்டு. புதிய பெட்டியில் உருவங்கள் கூடுதல் என்பதால், ஓர் உருவத்துக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பவருக்கு இன்னும் சலுகையாகவே தெரியும். ஆனால், ஒரு படையைத் தொடங்கலாமா என்று தயங்கி நிற்பவர் கல்லாவில் வைக்க வேண்டிய தொகை 50இலிருந்து 85 ஆகிவிட்டது. எந்த அறிவிப்பிலும் இது விலை உயர்வு என்று எழுதப்படவில்லை. பழைய பெட்டியின் விலை உயரவே இல்லை, பழைய பெட்டிதான் இல்லை.

ஓராண்டு வாங்காமல் இருப்பது பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு ஆண்டறிக்கைகளைப் புரட்ட வேண்டும்.

2023 பிப்ரவரி 13

மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 150 பவுண்டுக்கு வாங்கினால் மிச்சமாவது 9 பவுண்டு. அந்த 9 பவுண்டுக்காக, மார்ச்சில் வாங்கும் எண்ணமே இல்லாத 150 பவுண்டுப் பொருளை பிப்ரவரியில் வாங்குகிறோம். பிரிட்டனில் நிறுவனத்தைச் சேராத தனிக்கடைகள் பலவும் இணையத்தில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 20 சதவீதத் தள்ளுபடியில் விற்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிறுவனத்தின் கடையிலேயே முழு விலைக்கு வாங்குபவரைத்தான் இந்த 6 சதவீதம் முழுதாகச் சுடும்.

விலை உயர்வு அறிவிப்பே மிகச் சிறந்த விற்பனை விளம்பரம் என்பது என் நெடுநாள் ஐயம். என் அலமாரியில் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும் சில உருவங்கள் பல விலை உயர்வுகளைக் கண்டவை. வண்ணத்தை இன்னும் காணாதவை.

2023 பிப்ரவரி 19

பிளாஸ்டிக் சில பென்சுகள்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், பாலிஸ்டைரின் மலிவு. ஆனால் நாம் வாங்குவது பாலிஸ்டைரினை அல்ல, அதை உருக்கி அழுத்தித் திணிக்கும் எஃகு அச்சை, அந்த அச்சுக்கு முன்னால் நடந்த சிற்ப வேலையை. இரண்டு எஃகுப் பாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பிளாஸ்டிக் இறுகியதும் நேர்கோட்டில் விலகும். அப்படி விலகும்போது எந்த மடிப்பும் எந்தக் குழிவும் அச்சைக் கவ்விப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்குவதற்காகவே ஒரு வீரனின் உடலை முன்பாதி, பின்பாதி, தோள், கை, முதுகுப் பை என்று வெட்டிப் பிரிக்கிறார்கள். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஓர் உடற்பகுதியைக் கத்தரித்து எடுத்து விளக்குக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். இரு பாளங்களும் சந்தித்த இடம் தொடையின் பக்கவாட்டில் முடி அளவு மேடாக ஓடும். கத்தியின் பின்புறத்தால் நாம் சுரண்டி எடுக்கும் கோடு அதுதான். நல்ல வடிவமைப்பாளர் அந்தக் கோட்டைக் கவசத்தின் விளிம்புக்குள் ஒளித்துவைத்திருப்பார். அந்தத் திறமைக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இப்படியோர் அச்சுக்குப் பல்லாயிரம் பவுண்டு ஆகும். அந்தச் செலவு எத்தனை பெட்டிகளின் மேல் பரவுகிறது என்பதே விலையின் உயிர்நாடி. சாதாரணப் படைவீரர் பெட்டியை ஒரே ஆட்டக்காரர் இரண்டு மூன்று முறை வாங்குவார். ஒரு படைத்தலைவனின் உருவத்தை ஒருமுறைதான் வாங்குவார். அதனால்தான் பத்து வீரர்கள் 35 பவுண்டுக்குக் கிடைக்கும்போது ஒற்றைத் தலைவனுக்கு 20 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். பேராசையைத் தேடுபவர்கள் பத்துப் பேர் பெட்டியை விட்டுவிட்டு அந்த ஒற்றை உருவத்தின் பக்கம் போகலாம். அங்கே பேராசையும் நியாயமான காரணமும் ஒன்றாகவே குடியிருக்கின்றன.

விலையில் அரசுக்கும் பங்கு உண்டு. 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி என்றால் நாம் கொடுக்கும் விலையில் ஆறில் ஒரு பங்கு. 35 பவுண்டில் 5.83 பவுண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. செய்பொருள் செலவைக் கழித்தபின் நிறுவனத்துக்கு மிஞ்சுவது விற்பனைத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. செலவு ஏறிவிட்டது, வேறு வழியில்லை என்ற கண்ணீரை அந்த எண்ணோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அவர்கள் விலையை ஏற்றுவது ஏற்ற முடியும் என்பதால்.

2023 பிப்ரவரி 20

1987இல் என்ன விலை என்று ஒருவர் கேட்டார். இந்த ஆட்டத்தின் விண்வெளி வீரர்களான ஸ்பேஸ் மரீன்களின் முதல் பிளாஸ்டிக் பெட்டியில் 30 வீரர்கள் இருந்தார்கள், விலை 10 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய மதிப்பில் அதை 30 பவுண்டு என்று தோராயமாக வைத்துக்கொண்டால் ஒரு வீரன் ஒரு பவுண்டு. 2017இல் வந்த இன்டர்செசர் என்ற புதிய ஸ்பேஸ் மரீன் பெட்டியில் 10 பேர், 35 பவுண்டு. ஒரு வீரன் மூன்றரைப் பவுண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் நீட்ட மாட்டார்கள். பழையவன் குட்டை, குந்தி உட்காரப் போகிறவனைப் போல நிற்பான். புதியவனின் முழங்கால் மடிப்பில் குழாயின் வளையங்கள்கூட எண்ணும்படி இருக்கும். ஆனாலும் ஆட்டத்தில் இருவரும் செய்யும் வேலை ஒன்றுதான் என்பதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

2023 மார்ச் 7

விலை மாறிய மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் விலை ஒட்டிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சென்ற வாரம் நல்ல வியாபாரம், இனி ஏப்ரல் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார். ஒரு குப்பி நீல வண்ணம் மட்டும் வாங்கி வந்தேன். அதில் 12 மில்லி. பக்கத்து வரிசையிலிருந்த ஸ்பெயின் நாட்டு வயெஹோ குப்பியில் 17 மில்லி. மினியேச்சரின் விலைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்பவர்கள் வண்ணக் குப்பியின் அளவை ஏனோ படிப்பதே இல்லை.

2023 ஜூன் 25

வார்ஹேமர் 40,000 ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்புக்கான தொடக்கப் பெட்டியான லெவியாதன் நேற்று வெளிவந்தது. 150 பவுண்டு என்று அறிவித்த நாள் முதல் இந்த இழையில் ஒரே அனல். நான் மூன்று பதிப்புகளின் தொடக்கப் பெட்டிகளை வரிசையாக வைத்து வகுத்துப் பார்த்தேன். 2017இல் வந்த டார்க் இம்பீரியம் 95 பவுண்டு, 53 உருவங்கள். ஓர் உருவம் 1.79 பவுண்டு. 2020இல் வந்த இண்டோமிட்டஸ் 125 பவுண்டு, 61 உருவங்கள், 2.05 பவுண்டு. லெவியாதன் 150 பவுண்டு, 72 உருவங்கள், 2.08 பவுண்டு. ஆறு ஆண்டுகளில் ஓர் உருவத்தின் விலை ஏறத்தாழ 16 சதவீதம் ஏறியிருக்கிறது. அதே ஆறு ஆண்டுகளில் பிரிட்டனின் பொது விலைவாசி கால் பங்குக்கும் மேல் ஏறிவிட்டது. ஆக, அனைவரும் திட்டித் தீர்க்கும் இந்தப் பெட்டி, உருவத்துக்கு உருவம் பார்த்தால், 2017ஐவிட மலிவு.

பிப்ரவரியில் பெட்டிதான் குற்றவாளி என்று எழுதியவன் இப்போது பெட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தோன்றலாம். இரண்டும் ஒரே செய்தியின் இரு முனைகள். விலைவாசியோடு ஒப்பிட்டால் உருவத்தின் விலை ஏறவில்லை, நுழைவுக் கட்டணம் 95இலிருந்து 150க்கு ஏறிவிட்டது. நிறைய வாங்கத் தயாராக இருப்பவருக்கு ஆட்டம் மலிந்துகொண்டே வருகிறது. கொஞ்சமாக வாங்க நினைப்பவருக்கு அது எட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மொத்த வியாபாரிக்கும் சில்லறை வாடிக்கையாளருக்கும் உள்ள பழைய வேறுபாட்டை ஒரே ஆட்டக்காரர் கூட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்னொரு பின்னெண்ணம். பெட்டியில் இரண்டு படைகள்: ஸ்பேஸ் மரீன், பூச்சி போன்ற வேற்றுலக உயிர்களான டைரனிட். ஒரு படையை மட்டும் விரும்புபவருக்கு வகுத்தல் கணக்கே மாறும். பாதியைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தால் இதைவிட நல்ல பேரம் இல்லை. இல்லையென்றால் மறுபாதியை விற்க இணையச் சந்தையில் அலைய வேண்டும், முதல் இரண்டு வாரங்களில் உலகமே அதே டைரனிட்டுகளை விற்றுக்கொண்டிருக்கும். என் பங்கை நான் முன்பே பேசி வைத்துவிட்டேன். மரீன்கள் எனக்கு, பூச்சிகள் என் மைத்துனருக்கு.

2023 ஜூன் 26

"இண்டோமிட்டஸ் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்ததே, அதையும் எழுதுங்கள்" என்று ஒருவர். உண்மை. 2020 ஜூலையில் அது தீர்ந்துபோய், எழுந்த கூச்சலில், பதிவு செய்தவர்களுக்கெல்லாம் தனியாகச் செய்து தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. விலைக்கு எழாத அளவு சினம் பொருள் கிடைக்காததற்கு எழுந்தது என்பதைக் கவனியுங்கள். அதுவும் நம்மைப் பற்றி அவர்களுக்கு ஏதோ சொல்லியிருக்கும்.

2023 அக்டோபர் 2

வாக்குக் கொடுத்திருந்த குறிப்பு. வாங்காமல் இருந்தால் விலை இறங்குமா?

வரலாற்றில் இதற்கு ஒரு பாதிச் சான்று உண்டு. 2011 மே மாதம் உலோக உருவங்களை நிறுத்திவிட்டு ஃபைன்காஸ்ட் என்ற ரெசினுக்கு (வார்ப்புப் பிசின்) மாறினார்கள். மலிவான பொருளுக்கு மாறியபோதும் விலை இறங்கவில்லை, ஏறியது. காற்றுக் குமிழிகளால் வாள் முனையும் மேலங்கி விளிம்பும் குறைபட்டு வருகின்றன என்ற புகார் உலகம் முழுவதும் எழுந்தது. அதே மாதம், ஐரோப்பியக் கடைகள் தம் பகுதிக்கு வெளியே விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பிரிட்டிஷ் கடைகளிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டக்காரர்கள், தம் நாட்டின் மிகக் கூடுதலான உள்ளூர் விலைக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தக் கசப்பு இன்றும் தீரவில்லை. சிட்னியிலிருந்து இந்த இழைக்கு எழுதும் அண்ணன் அதை எத்தனை முறை நினைவுபடுத்தினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பிறகு வருவாய் சரிந்தது. 2013 மே மாதத்துடன் முடிந்த நிதியாண்டில் 134.6 மில்லியன் பவுண்டு, 2014இல் 123.5, 2015இல் 119.1, 2016இல் 118.1. எவரும் புறக்கணிப்பு என்று கொடி பிடிக்கவில்லை. ஆட்கள் சத்தமில்லாமல் விலகினார்கள். அந்தச் சத்தமின்மைதான் உறைத்தது என்று நினைக்கிறேன். 2015இல் கெவின் ரவுன்ட்ரி தலைமைக்கு வந்தார். அதே ஆண்டு நிறுவனத்தின் மற்றோர் ஆட்டமான ஏஜ் ஆஃப் சிக்மாரின் அடிப்படை விதிகளை நான்கே பக்கத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். நவம்பரில் பெட்ரேயல் அட் கால்த் என்ற பெட்டியில் 38 உருவங்களை 95 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் கலெக்டிங் பெட்டிகளும் அக்காலத்தவைதான். வருவாய் 2017 நிதியாண்டில் 158 மில்லியனுக்குத் தாவியது, அதற்கடுத்த ஆண்டு 220 மில்லியனை ஒட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, தனி உருவங்களின் விலையை அவர்கள் இறக்கவில்லை. விலைச் சீட்டில் கைவைக்காமல் தொகுப்புப் பெட்டிகளின் வழியாகத் தள்ளுபடி கொடுத்தார்கள். ஆகவே, வாங்காமல் இருந்தால் இறங்கி வருவார்கள் என்ற கேள்வியாளரின் வாதத்துக்கு என் மறுப்பு பாதி மறுப்புதான். இறங்கி வந்தார்கள், ஆனால் பெட்டியின் வழியாக. அந்த வழியாக வந்த சலுகை, ஐந்தாண்டில் அதே வழியாக 85 பவுண்டாகத் திரும்பி ஏறியது.

2023 நவம்பர் 18

முப்பரிமாண அச்சுப்பொறியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ரெசின் அச்சுப்பொறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பிற்பகல் முழுக்க நின்று பார்த்தேன். ஒரு மனித உருவுக்குச் செலவாகும் ரெசின் சில பத்துப் பென்சுகள்தான், அதில் ஐயமில்லை. தகட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி பத்து வீரர்கள் ரெசின் தொட்டியிலிருந்து எழுந்து வருவதைப் பார்ப்பது ஒரு வியப்பு. அதன்பின் நடப்பதுதான் விளம்பரங்களில் இல்லாதது. கையுறை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசல், தாங்கு குச்சிகளைப் பிடுங்குதல், புற ஊதா விளக்கில் இறுக்குதல், அலசிய அழுக்கு ஆல்கஹாலை என்ன செய்வது என்ற கவலை. இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் போவதில்லை. குழந்தைகள் உள்ள அடுக்ககத்தில் இதை நான் செய்ய மாட்டேன்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் உருவத்தைப் படியெடுத்து அச்சிடுவது அதன் உரிமையை மீறுவது. சுதந்திரச் சிற்பிகள் விற்கும் கோப்புகளைக் காசு கொடுத்து வாங்கி அச்சிடுவது வேறு. இரண்டாமவர் பலரும் அருமையான வேலைக்காரர்கள். நிறுவனத்தின் கடைகளிலும் போட்டிகளிலும் அந்த உருவங்களை அனுமதிக்க மாட்டார்கள். வீட்டு மேசையில் ஆடுபவருக்கு அது ஒரு தடையே இல்லை. ஒன் பேஜ் ரூல்ஸ் போல, எந்த உருவத்தை வைத்தும் ஆடலாம் என்று இலவசமாக விதிகளைத் தரும் ஆட்டங்கள் வந்துவிட்ட பிறகு, 6 சதவீதத்துக்கு நாம் இவ்வளவு மயிர் பிளப்பதே வேடிக்கை.

2024 ஜனவரி 6

பொங்கலுக்கு வீட்டைத் துடைப்பதுபோல அலமாரியைத் துடைத்தேன். பழைய உருவங்களை வாங்கி ஆடுவதே விலை உயர்வுக்கு மிகப் பழைய எதிர்வினை, அதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பிறர் தடிமனாக வண்ணம் அப்பிய உருவங்கள் மூன்றில் ஒரு விலைக்குக் கிடைக்கும். அவற்றைப் பழுப்பு நிற டெட்டாலில், நீர் கலக்காமல், ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வண்ணம் தோல் தோலாகக் கழன்று வரும். ஆனால் முதல் அலசலையும் டெட்டாலிலேயே செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் குழாய் நீரில் காட்டினால், கழன்ற வண்ணம் பிசின்போல மாறி உருவத்தின் மேலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வீடு முழுவதும் மருத்துவமனை வாடை அடிக்கும். மனைவி வீட்டில் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

2024 ஜனவரி 7

டெட்டால் குறிப்புக்குத்தான் இந்த இழையிலேயே மிகுந்த வரவேற்பு. ஆண்டறிக்கைகளைப் புரட்டியவனுக்கு இது ஒரு பாடம்.

2024 ஆகஸ்ட் 4

2024 ஜூன் 2உடன் முடிந்த ஆண்டின் கணக்கு வந்துவிட்டது. மொத்த வருவாய் 525.7 மில்லியன் பவுண்டு, வரிக்கு முந்தைய லாபம் 203 மில்லியன். மூலக் கேள்வியை எழுப்பியவர் "இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார்.

சொல்வதற்கு இரண்டு உண்டு. முதலாவது, இந்த லாபத்தில் பெரும்பகுதி, விலை உயர்வால் வந்ததைவிட, வாங்குபவர் எண்ணிக்கை பெருகியதால் வந்தது என்பது என் கணிப்பு. ஆண்டுக்கு 5, 6 சதவீத உயர்வு எட்டு ஆண்டுகளில் 118 மில்லியனை 525 ஆக்காது. வீடியோ கேம் நிறுவனங்களிடமிருந்து வரும் உரிமத் தொகையும் இதில் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது, இவ்வளவு லாபம் ஈட்டும் நிறுவனம் ஓராண்டு விலையை அப்படியே வைத்திருந்தாலும் மூழ்கிவிடாது என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிகிறது. சென்ற ஆண்டு நான் 6 சதவீதத்துக்கு எழுதிய வக்காலத்து, விலைவாசி 10 சதவீதமாக இருந்த காலத்துக்கானது. விலைவாசி 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட இந்தக் கோடையில் அதே வாதத்தை யாரேனும் எடுத்துவந்தால் நான் துணை நிற்க மாட்டேன்.

2024 டிசம்பர் 24

லண்டன் பங்குச் சந்தையின் நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஃப்டிஎஸ்இ 100 பட்டியலில் கேம்ஸ் வொர்க்ஷாப் நேற்று சேர்ந்தது. வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் இருக்கும் வரிசையில் விண்வெளி வீரர் பொம்மை செய்யும் நிறுவனம். 1975இல் மூன்று நண்பர்கள் லண்டனில் ஒரு குடியிருப்பில் தொடங்கியது இது. நமக்குள் யாராவது 2015இல் உருவங்களுக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கியிருந்தால், இந்த இழையில் தலைகாட்டாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஏப்ரல் 12

அமெரிக்கா பிரிட்டிஷ் பொருட்களுக்கு 10 சதவீத இறக்குமதி வரி விதித்திருக்கிறது. பிளாஸ்டிக் உருவங்கள் நாட்டிங்காமில் வார்க்கப்படுகின்றன, அவற்றின் மிகப் பெரிய சந்தை வட அமெரிக்கா. டெக்சாஸிலும் டொரொன்டோவிலும் உள்ள நம்மவர்கள் கவலையோடு எழுதுகிறார்கள். வரி துறைமுகத்தில் வசூலிக்கப்படுவது இறக்குமதி மதிப்பின் மேல், கடை விலையின் மேல் அல்ல. ஆகவே 10 சதவீத வரி என்பதற்காகக் கடை விலை 10 சதவீதம் ஏறியாக வேண்டும் என்பதில்லை. அப்படி ஏற்றினால் அந்த வேறுபாடு யாருடைய பையில் போகிறது என்று கேட்கலாம். கனடாவில் இருப்பவர்களுக்கு இந்த வரி நேரடியாகப் பொருந்தாது.

இந்த இடத்தில் நாட்டிங்காமின் பிற மினியேச்சர் நிறுவனங்களை நினைவுபடுத்துகிறேன். கேம்ஸ் வொர்க்ஷாப்பில் சிற்பிகளாக இருந்த இரட்டையர்களான மைக்கேல் பெரி, ஆலன் பெரி தம் பெயரிலேயே நிறுவனம் நடத்துகிறார்கள். வார்லார்ட் கேம்ஸ், மாண்டிக் என்ற நிறுவனங்கள் இரண்டையும் தொடங்கியவர்களும் அங்கிருந்து வந்தவர்களே. இருபத்துச் சொச்சம் பவுண்டுக்கு 30, 40 பிளாஸ்டிக் வீரர்கள் அடங்கிய பெரி பெட்டியைத் திறந்து பாருங்கள். நெப்போலியன் காலக் காலாட்படையின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கும். அதே நகரத்து நிறுவனம், அதே வகை அச்சு, அதே வகைப் பிளாஸ்டிக், ஏறத்தாழ அதே கைகள். ஓர் உருவம் ஒரு பவுண்டுக்கும் குறைவு. நெப்போலியனுக்கு எவரும் உரிமம் கோர முடியாது, ஸ்பேஸ் மரீனுக்குக் கோரலாம். பிப்ரவரி 19 குறிப்பில் அச்சு, சிற்பம், வரி என்று நான் அடுக்கிய காரணங்களெல்லாம் இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவானவை. பெரி சகோதரர்களின் சாதாரண வீரர்கள் கைகால் பிரிவு குறைந்தவர்கள், எளிய நிலையில் நிற்பவர்கள் என்ற கழிவைக் கொடுத்தபின்னும் மிஞ்சும் வேறுபாடு அந்த உலகத்தின் பெயருக்கான விலை. அதை மனம் ஒப்பிக் கொடுப்பவர் கொடுக்கட்டும். நானும் பல நேரம் கொடுக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 9

புதிய கணக்கு: வரிக்கு முந்தைய லாபம் 262.8 மில்லியன். அதில் 20 மில்லியனை ஊழியர்கள் அனைவருக்கும் சம பங்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், இதை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன்.

மகளுக்கு ஒரு படை தொடங்கித் தரலாமா, புத்தகம் அவசியமா என்று கேட்ட சகோதரிக்கு: இந்த இழையில் நாம் யாருமே கணக்கில் சேர்க்காத விலை புத்தகத்தின் விலைதான். உருவத்தின் விலை ஏறினாலும் உருவம் கையில் இருக்கும், 1987இன் வீரன் இன்றும் என் மேசையில் நிற்கிறான். ஒரு படைக்கான விதிப் புத்தகமான கோடெக்ஸ் 30 பவுண்டை ஒட்டி விற்கிறது, விதிகளோ இணையத்தில் வரும் திருத்தங்களால் அச்சான சில மாதங்களிலேயே மாறத் தொடங்குகின்றன, பதிப்பு மாறியதும் புத்தகம் படம் பார்க்க மட்டும் ஆகிறது. பதிப்புகள் 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்திருக்கின்றன. அந்த வழக்கம் தொடர்ந்தால் அடுத்தது 2026 கோடையில். ஆகவே மகளுக்கு இப்போது கோடெக்ஸ் வாங்காதீர்கள். தனிக்கடையில் தள்ளுபடியில் ஒரு காம்பட் பட்ரோல் பெட்டி, நான்கைந்து வண்ணக் குப்பிகள், ஒரு நல்ல தூரிகை போதும். பெட்டியில் உள்ள உருவங்களை மட்டும் வைத்து ஆடுவதற்கான விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் படை என்பதை மகளே தேர்ந்தெடுக்கட்டும், டைரனிட்டை எடுத்தால் என் மைத்துனரிடம் உதிரிப் பாகங்கள் ஒரு கூடை இருக்கின்றன, அஞ்சல் செலவுக்கு அனுப்பி வைப்பார்.